மூன்றாம் அடுக்கில் தூங்கியவள்

போன மாதம் செஞ்சிக் கோட்டையில் வேலை பார்க்கிற இரண்டு பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு வண்ணத் தாள். மெட்ராஸில் யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் சுற்றிக்காட்டி மனத்தைப் புதுப்பித்துத் தருகிறார்களாம். முதல் ஊர் செஞ்சி. கல்யாண மகாலின் படத்தைப் போட்டு, அதன் கீழே 'இங்கே வந்து மூச்சு விடுங்கள்' என்று அச்சடித்திருந்தார்கள். இத்தனை நாள் மூச்சு விடாமல் இவர்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள் என்பதை அந்தத் தாளில் போடவில்லை.

"ஐயா, நீங்க முப்பது வருசத்துக்கு மேல அங்கியே இருந்தவரு. அந்த அமைதியப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டுவோம்" என்றான் ஒருவன்.

எழுதித் தருகிறேன். படித்துக் காட்ட உங்களுக்கு மனசு வருமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

எங்களுக்குக் கடைவீதியில் எண்ணெய்க் கடை. அண்ணன்கள் இருவரும் கடையில் உட்கார்ந்துவிட்டதால் எனக்கு அங்கே இடமில்லை. பள்ளிக்கூடத்துப் படிப்பை ஒரு வழியாக முடித்துவிட்டு இரண்டு வருடம் ஊர் சுற்றினேன். அறுபதுகளின் தொடக்கத்தில் கோட்டைக்குக் காவலாள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனு போட்டேன், கிடைத்துவிட்டது. நைனாவிடம் போய்ச் சொன்னேன்.

"கோட்ட இருக்கிற மூணு மலையையும் எவன்டா தூக்கிக்கினு போவப் போறான்னு உன்னக் காவலுக்கு வெக்கிறானுங்க?" என்றார்.

பயிற்சி என்று பதினைந்து நாள். காலையில் பூட்டைத் திறப்பது, வௌவால் புழுக்கையைக் கூட்டித் தள்ளுவது, சுவர் வெடிப்பில் முளைக்கிற அரசங்கன்றை வேரோடு பிடுங்குவது, சாயங்காலம் ஐந்தரைக்கு மணி அடித்து எல்லா அடுக்கிலும் ஏறிப் பார்த்துவிட்டுப் பூட்டுவது. இவ்வளவுதான் படிப்பு. மீதியெல்லாம் மனிதர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதில் பெரும்பகுதி கற்காமலே இருந்திருக்கலாம்.

எனக்குக் கொடுத்த இடம் கல்யாண மகால். சதுரமான முற்றம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், நடுவில் அடுக்கடுக்காக உயர்ந்து போகிற கட்டடம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே ஓர் அறை, நாலு பக்கமும் திறப்பு. மேலே ஏற ஏறக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ராஜாவின் வீட்டுப் பெண்கள் இருந்த இடம் என்பார்கள். அந்தக் காற்றுக்குத்தான் சனம் வந்தது. ஆனால் காற்று வாங்க வந்தோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மன அமைதி தேடி வந்தோம் என்பார்கள்.

அமைதி தேடி வருகிறவன் உள்ளே நுழைந்ததும் செய்கிற முதல் காரியம் கத்துவது. எதிரொலி வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அடுத்த காரியம் டிரான்சிஸ்டரைத் திருகுவது. மூன்றாவது, கையில் கிடைத்த ஆணியால் தன் பெயரையும் பக்கத்தில் இன்னொரு பெயரையும் சுவரில் கீறுவது. அதற்குப் பிறகு புளிச்சோற்றைத் தின்றுவிட்டு இலையை வளைவுக்குள் செருகிவிட்டு, வாசலில் என் மேசைமேல் இருக்கும் கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். அதில் மூன்று பத்தி: பெயர், ஊர், கருத்து. 'மனம் லேசானது.' 'கவலைகள் பறந்தோடின.' 'புதுப் பிறவி எடுத்தேன்.' பேனாவை நூலில் கட்டி மேசைக் காலோடு முடிந்து வைத்திருந்தோம். புதுப் பிறவி எடுத்தவர்கள் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனதால் வந்த ஏற்பாடு அது.

திண்டிவனத்திலிருந்து ஒரு வக்கீல் மாதம் ஒருமுறை வருவார். நேராக மூன்றாம் அடுக்குக்குப் போய்த் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். வாய் பிளந்திருக்கும், குறட்டை தாழ்வாரம் வரை கேட்கும். எழுந்து வந்து புத்தகத்தில் 'ஒரு மணி நேரம் தியானத்தில் ஆழ்ந்திருந்தேன்' என்று எழுதுவார். ஒருநாள் அவரை நான் தட்டி எழுப்பிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து ஓவர்சியர் வந்திருந்தார்.

ஓவர்சியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கத்திக்காரர், ஒல்லியான உடம்பு. வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். வந்ததும் வாசல்படியில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு கல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் சின்ன நோட்டில் ஏதோ எழுதுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டவும் மாட்டார். "விளக்கம் எழுதிக் குடுங்க" என்பார், அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தைக்கு நாங்கள் நடுங்கிய அளவுக்கு ராஜாவின் வாளுக்குக்கூட அந்தக் காலத்துச் சனங்கள் நடுங்கியிருக்க மாட்டார்கள்.

வக்கீலை எழுப்பியதற்கும் விளக்கம் எழுதினேன். வாங்கிப் படித்துவிட்டு, "வந்தவங்க வந்தவங்கதான். மணி அடிக்கிற வரைக்கும் அவங்க உட்காரட்டும், படுக்கட்டும், தூங்கட்டும். நாம எழுப்பக் கூடாது" என்றார். நல்ல விதி. அதை நான் மறக்கவே இல்லை. மறந்திருந்தாலாவது என் தப்புக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும்.

அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கல்யாண மகாலின் முற்றத்தில் புல்வெளி போட வேண்டும். எங்கிருந்தோ புல்பத்தைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து பதித்தார். சித்திரை மாதத்தில் முட்டை வெந்துவிடும் போலச் சுடுகிற செஞ்சிப் பாறைகளுக்கு நடுவே புல்வெளி! அதற்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் களை எடுப்பதற்கும் தினக்கூலிக்கு ஓர் ஆளைப் போட்டார்கள். அவள் பெயர் அஞ்சலை.

சேரியிலிருந்து வருவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், அவள் என்னைச் 'சின்னச் செட்டியாரே' என்பாள். அப்போது அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. காலையில் என் மேசைக்கு வந்து வருகைப் பதிவேட்டில் இடது கைக் கட்டைவிரல் ரேகையை வைப்பாள். விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வாள். பிறகு கோட்டைக்குள் இருக்கிற ஆனைக்குளத்திலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமக்க ஆரம்பிப்பாள். வெயில் ஏறுவதற்குள் இருபது நடையாவது நடந்துவிடுவாள். அதன் பிறகு முட்டி போட்டுக் களை எடுப்பாள். மத்தியானம் பழைய நெற்களஞ்சியத்துச் சுவருக்குப் பின்னால் போய்க் கூழ் குடிப்பாள். வேலையாட்கள் தாழ்வாரத்தில் உட்காரக் கூடாது என்று ஓவர்சியர் உத்தரவு. மேல் அடுக்குகளுக்கு ஏறவே கூடாது.

ஓவர்சியர் புல்வெளியைச் சோதிக்கிற விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். வலது காலின் பூட்ஸைக் கழற்றுவார். காலுறையை மடித்து அதற்குள் வைப்பார். இடது காலில் பூட்ஸோடு, குடையை ஊன்றிக்கொண்டு, வலது பாதத்தை மட்டும் புல்லில் பதித்துக் கண்ணை மூடி நிற்பார். பத்து எண்ணுகிற நேரம். பிறகு இரண்டு தப்படி நகர்ந்து மறுபடியும். எங்காவது நெருஞ்சி குத்தினால் "இங்கே" என்பார். அஞ்சலை தவழ்ந்துபோய் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவி முள்ளை எடுப்பாள். அவர் பார்வை புல்லில் இருக்கும், அவள் தலை குனிந்தே இருக்கும். அவளை அவர் 'தோட்டத்து ஆள்' என்றுதான் சொல்வார்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அவள் என்னிடம் கேட்டாள்.

"போறவங்கல்லாம் இன்னாதான் எழுதிட்டுப் போறாங்க, சின்னச் செட்டியாரே?"

நான் புத்தகத்தை எடுத்து நாடகக்காரன் மாதிரி குரலை மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு உன்னிப்பாகக் கேட்டாள்.

"நெசமாவே அப்டி இருக்குதா மேல?"

"காத்து வருது. வேற இன்னா? இவனுங்களுக்கு இன்னா கவல இருந்து பறந்துச்சாம்?"

"நீ படிச்சவரு, கேலி பண்ற. எங்க ஊட்ல ஒரே ரூம்பு, ஏழு பேரு. ஊட்டுக்காரருக்கு இருமல். ராவெல்லாம் வாசப்படியில குந்திக்கினே கண்ண மூடறேன். கால நீட்டித் தூங்கி எத்தினி வருசமாச்சோ." களைக்கொத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கி நானும் ஏறிப் பாக்கணும்" என்றாள்.

"வேலையாளு ஏறக் கூடாது."

"வேலக்கி வராத நாள்ல?"

அதைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை. கோட்டை எல்லாருக்கும் திறந்த இடம். சாதி கேட்காமல் எவரையும் உள்ளே விட வேண்டும் என்றுதான் உத்தரவு. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுப்பு. இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முன்வாசல் வழியாக வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து ஈரத் தலையை முடிந்திருந்தாள். கொஞ்சம் கனகாம்பரம் வைத்திருந்தாள். கஞ்சி போட்ட பச்சைப் புடவை. மை படாத தலைமுடியோடு அவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு ஏனோ எரிச்சல் வந்தது.

"இன்னா அஞ்சல, நீயும் அமைதி தேட வந்துட்டியா?"

"ஆமா" என்றாள், சிரிக்காமல். விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு ஒரு கார் வந்தது. ஓவர்சியர் முன்னால் இறங்கினார், பின்னால் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் அவர் மனைவியும். அந்த அம்மாள் குளிர்கண்ணாடியைக் கழற்றாமலே புல்வெளியைப் பார்த்து, "ஆகா, என்ன ஒரு அமைதி!" என்று மதிலுக்கு வெளியே கேட்கும்படி கத்தினாள். புல்வெளி ஓவர்சியரின் சாதனை என்று அதிகாரி பாராட்டினார். ஓவர்சியர் கூச்சத்தோடு குடையைப் பார்த்துக்கொண்டார். பின்னர் மூவரும் மேலே ஏறினார்கள். நான் பின்னால் போனேன். அதுவரை எனக்கு அஞ்சலையின் நினைவே இல்லை.

மூன்றாம் அடுக்கில், வடக்குத் திறப்பின் ஓரமாக, முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அஞ்சலை தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காலையும் நன்றாக நீட்டியிருந்தாள். வக்கீல் படுக்கிற அதே இடம். குறட்டை கிடையாது. இத்தனை பேர் ஏறி வந்த சத்தத்துக்கும் அசையவில்லை.

"பாவம், எப்படித் தூங்கறா பாருங்க. யாரு இது?" என்று அந்த அம்மாள் கேட்டாள். அதில் குற்றம் எதுவும் இல்லை, சும்மாதான் கேட்டாள்.

ஓவர்சியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யார் இது?"

என்னிடம் இரண்டு பதில் இருந்தன. இரண்டுமே உண்மை. 'பார்க்க வந்தவங்க சார்' என்று சொல்லியிருந்தால், சத்தம் போடாமல் அடுத்த அடுக்குக்கு ஏறியிருப்பார்கள். விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டால் என்னைப் பொய்யன் என்பாரே என்று பயந்தேன். பயம் மட்டும் இல்லை. கடைவீதிச் செட்டியார் வீட்டுப் பிள்ளை நான் வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருக்க, இவள் மேலே கால் நீட்டிப் படுத்திருக்கிறாளே என்பதும் எனக்குள் இருந்தது. அதை இப்போது ஒளித்து என்ன ஆகப் போகிறது.

"நம்ம தோட்டத்து ஆள் சார்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. விருந்தாளிகளை மேலே அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் போன பிறகு நான் அவளைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்தவள் ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

காரில் ஏறுமுன் ஓவர்சியர் என் மேசைக்கு வந்தார். "விளக்கம் எழுதிக் குடுங்க. நின்னு வாங்கிக்கிட்டுப் போறேன்" என்றார். எழுதினேன். 'இன்று வார விடுமுறை நாளில் பார்வையாளராக வந்திருந்த தோட்ட வேலையாள் அஞ்சலை என்பவர், மூன்றாம் அடுக்கில் தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.' அவர் பென்சிலை எடுத்து, 'வார விடுமுறை' என்பதிலிருந்து 'வந்திருந்த' என்பது வரை மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். "இது தேவையில்ல. நீங்க பார்த்தத மட்டும் எழுதுங்க." வேறு தாளில் அந்த வார்த்தைகளை விட்டுவிட்டு அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். "நாளையிலேர்ந்து அந்த ஆள் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வழக்கம்போல வந்து மைப்பெட்டியை நோக்கிக் கட்டைவிரலை நீட்டினாள். நான் பெட்டியை நகர்த்தி வைத்தேன்.

"இன்னிக்கி வெக்க வாணாம்."

"நாளைக்கி?"

"நாளைக்கும்தான்."

புரிந்துகொண்டாள். அழவில்லை, காலில் விழவில்லை. விழுந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதட்டி அனுப்பியிருப்பேன். அவள் நீட்டிய விரலை மடக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து நான் வேலக்கி வர்ல இல்ல?"

"வர்ல."

"அப்ப சொம்மா பாக்க வந்தவதானே?"

நான் மைப்பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.

"பாக்க வந்தவங்க எல்லாரும் அந்தப் பொஸ்தகத்துல எழுதறாங்க. எனுக்கு எழுதத் தெரியாது. நீ எழுது, நான் ரேக வெக்கிறேன்."

"இன்னான்னு எழுதறது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"நல்லா தூங்கினேன்னு எழுது."

அத்தனை வருடத்தில் அந்தப் புத்தகத்துக்கு வந்த ஒரே உண்மையான கருத்து அதுதான். ஆயிரம் பொய்யை எழுத விட்டு, பேனாவையும் நூல் கட்டிக் கொடுத்தவன் நான். "அதெல்லாம் படிச்சவங்களுக்கு வெச்சிருக்கிற பொஸ்தகம்" என்று சொல்லி, அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். அவள் தூங்கினாள் என்பதை நான் ஏற்கெனவே எழுதித்தான் இருந்தேன். அவள் கேட்ட இடத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

"சரி, உடு" என்றாள். நாலு அடி போனவள் திரும்பினாள். "புல்லுக்கு இப்பவே தண்ணி காட்டிடு. வெயில் ஏறிப்போச்சின்னா வேர் வெந்துடும்."

நான் காட்டவில்லை. குடம் தூக்கவா நான் சேர்ந்தேன் என்று முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

புது ஆள் ஒருத்தி வந்தாள். முதல் நாள் அவள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது ஓவர்சியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்தத் தூங்கின ஆளை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். புது ஆளைத்தான் அவர் அஞ்சலை என்று நினைத்திருந்தார். இத்தனை மாதமும் அவர் அஞ்சலையின் முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மேலே நான் என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். என் பயத்துக்குக்கூட அர்த்தமில்லாமல் போயிற்று.

அடுத்த வெயிலில் புல் கருகிச் செத்தது. மண் தெரிந்தது. அதன் பிறகும் இரண்டு வருடம் வரை 'பச்சைப் புல்வெளி கண்ணைக் குளிர்வித்தது' என்று சனங்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அஞ்சலை வல்லம் பக்கம் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கப் போகிறாள் என்று கேள்வி. ஒருமுறை அவலூர்பேட்டை போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மல்லாட்டைக் கொடிக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு சாலையோரம் போய்க்கொண்டிருந்தாள். நான் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், மிக்சரும் காபியும் கொடுத்தார்கள். "இத்தினி வருசம் மத்தவங்களை எழுத வெச்சீங்க, இன்னிக்கி நீங்க எழுதுங்க" என்று கருத்துப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார்கள். பேனா அப்போதும் நூலில்தான் இருந்தது. பெயர் பத்தியில் 'அஞ்சலை' என்று எழுதினேன். ஊர், 'செஞ்சி'. கருத்து, 'நல்லா தூங்கினேன்'.

எட்டிப் பார்த்த ஒருவன், "யாரு சார் இது?" என்றான்.

"பாக்க வந்தவங்க" என்றேன்.

சொன்னதும் மனம் லேசாகிவிட்டது என்று எழுதினால், அந்தப் புத்தகத்தில் எழுதிய கூட்டத்தோடு நானும் சேர்ந்துவிடுவேன். லேசாகவில்லை. முப்பது வருடம் தாமதமாகச் சொன்ன பதிலால் யாருக்கு வேலை திரும்பக் கிடைத்தது? அவள் அப்போது உயிரோடு இருந்தாளோ இல்லையோ, அதைக்கூட நான் விசாரிக்கவில்லை.

தம்பிகளே, நீங்கள் கேட்ட அமைதி இதுதான். உங்கள் கம்பெனி ஆட்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு மூன்றாம் அடுக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வடக்குப் பக்கம் காற்று இன்னமும் நன்றாகத்தான் வருகிறது. அங்கே யாராவது காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதீர்கள். யார் என்றும் கேட்காதீர்கள்.